இரும்புக்குள் முளைத்த நெல்

தம்பிகளே, நீங்கள் வேலை செய்கிற கார் ஆலையின் பெயிண்ட் லைனில் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. முழு காரின் உடம்பையும் அதில் முக்கி எடுக்கிறார்கள். கை நுழையாத சந்து, பிரஷ் போகாத பொந்து எல்லாவற்றிலும் பெயிண்ட் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஓய்வு பெற்ற நாள்வரை அந்தத் தொட்டியை வாய் பிளந்து பார்த்தவன் நான். உங்களில் பலரோ அதைக் கேன்டீன் சாம்பார் அண்டாவைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. எட்டு மணி நேர ஷிப்டும் அதற்கு மேல் ஓ.டி.யும் பார்க்கிறவனுக்கு எதுவும் அண்டாவாகத்தான் தெரியும். தொட்டி இல்லாத காலத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொன்னால், அடுத்த முறை அதன் ஓரம் நிற்கும்போது கொஞ்சம் வேறு மாதிரி பார்ப்பீர்கள் என்று ஓர் ஆசை.

1991-இல் இந்தப் பக்கம் இத்தனை ஆலைகள் கிடையாது. பெங்களூர் ரோட்டோரம், ஸ்ரீபெரும்புதூருக்கு இந்தப் பக்கம், பஸ்ஸுக்கும் வேனுக்கும் பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் நான் பெயிண்ட் மேஸ்திரி. வயது முப்பத்திரண்டு. சொந்த ஊர் மண்ணூர். கொஞ்சம் நிலமும் உண்டு. அந்த வருஷம்தான் மெட்ராஸில் ஒரு பெயிண்ட் கம்பெனி நடத்திய பத்து நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியிருந்தேன். அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன் என்றால், என் தலைக்கனத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆடி மாதத்தில் ஒரு பழைய வேன் வந்தது. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் வண்டி. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. வாரத்தில் நான்கு நாள் மண்ணூர், மணிமங்கலம், வாலாஜாபாத் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்தும் ஊசியும் கொண்டுபோகும். அவசரம் என்றால் ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பும். நல்ல உயரமான வண்டி. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் ரோட்டின் குறுக்கே பாயும்போது மற்ற வண்டிகள் கரையிலேயே நின்றுவிடும், இது இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிடும். ஓட்டுகிறவர் சாமிக்கண்ணு. அதில் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஊர் ஊராகப் போய்வந்த நர்ஸ் எஸ்தர். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய என் வயதுதான்.

வண்டியின் அடிப்பாகம் துரு ஏறிப் போயிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் அது உறுதியாகி வந்தால் ஓட்டுவது, இல்லையென்றால் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அந்த ரூட்டையே நிறுத்திவிடுவது என்று மிஷன் கமிட்டி முடிவு செய்திருந்தது. எஸ்தர் சிஸ்டர் அதை என்னிடம் மறைக்கவில்லை.

“போன மழைல மூணு பிரசவம் இந்த வண்டிலதான் வந்துது அண்ணே. வண்டி போச்சின்னா கட்டில்ல வெச்சுத் தூக்கிக்கினுதான் வரணும். கலங்கல எப்படித் தாண்டுவாங்க?”

“கவலய வுடுங்க சிஸ்டர். நான் அடிக்கப்போற பூச்சுக்கு இன்னும் முப்பது வருஷம் துரு கிட்டயே வராது” என்றேன். அவர் நம்பினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அந்த வண்டியின் கதவுகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓர் இரும்புப் பெட்டி ஓடும். உள்ளே காலி. வண்டித் தரையின் பாரம் முழுக்க அதன்மேல்தான். பெட்டியின் அடியில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வரிசையாக ஓட்டைகள் இருந்தன. வண்டியைச் செய்தவன் முட்டாள் இல்லை, ஒரு காரணத்தோடுதான் விட்டிருந்தான். சான்றிதழ் வாங்கிய எனக்கு அந்தக் காரணம் தெரியவில்லை. சேறும் தண்ணீரும் உள்ளே ஏறுகிற வழி என்று நினைத்தேன்.

பயிற்சியில் துருவுக்கு எதிரான பூச்சுகளை வகை வகையாகக் காட்டியிருந்தார்கள். மெல்லிசாக அடிக்கிற ரெட் ஆக்சைடு ஒன்று. இரண்டு டப்பாவைக் கலந்து அடித்தால் கல்லாக இறுகுகிற எபாக்ஸி ஒன்று. ரப்பர் கலந்த கருந்தார் ஒன்று, அடித்தால் தோசை மாவு கனத்துக்கு நிற்கும். எது எந்த இடத்துக்கு என்றும் சொல்லித்தான் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கறுப்பு மட்டும்தான் மனசில் நின்றது. தடிமனாக இருப்பதுதான் காக்கும் என்று நம்பினேன். கம்பளி போர்த்தினால் குளிராது, அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

அடிப்பாகத்தைப் பைப் வைத்துப் பீய்ச்சிக் கழுவினேன். பெட்டிக்குள் கம்ப்ரஸர் காற்றை விட்டேன், தூசும் பதரும் பறந்தன. இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினேன். தொட்டுப் பார்த்தால் வெளியே காய்ந்திருந்தது. அடி ஓட்டைகளை ஒன்று விடாமல் தகடு வைத்து, பட்டி போட்டு அடைத்தேன். அதன்மேல் கருந்தார் இரண்டு கோட். முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, “ஷோரூம்லேந்து வந்தா மாரி கீதுபா” என்றார். பட்டறைக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

மேல் வேலை முடிய இன்னும் பன்னிரண்டு நாள் ஆயிற்று. வண்டி திறந்த முற்றத்தில் நின்றது. நடுவில் இரண்டு நல்ல மழை. திங்கட்கிழமை கமிட்டி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. வெள்ளை பெயிண்டும் சிவப்புச் சிலுவையும் மட்டும் பாக்கி. வியாழக்கிழமை காலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று சாமிக்கண்ணுவும் சிஸ்டரும் வந்தார்கள். மூன்று பேரும் மண்ணூர் பக்கம் போனோம். ஒரு மாடு குறுக்கே வர, சாமிக்கண்ணு பிரேக் போட்டார்.

“நிறுத்துங்க” என்றார் சிஸ்டர். “உள்ள தண்ணி சத்தம் கேக்குது.”

“இன்னா சிஸ்டர், ரேடியேட்டர்ல தண்ணி இல்லாமயா வண்டி ஓடும்?” என்று சிரித்தார் சாமிக்கண்ணு.

“அது முன்னாடி. இது என் கால் கீழ. பதினோரு வருஷமா இதுல உக்காந்துகினு வரேன், இது இன்னா இன்னா சத்தம் போடும்னு எனக்குத் தெரியாதா? திரும்பப் பிரேக் போடுங்க.”

போட்டார். இந்த முறை எனக்கும் கேட்டது. குடத்தை இடுப்பில் வைத்து நடந்தால் வருமே, அந்தச் சத்தம்.

பட்டறைக்குத் திரும்பி ஜாக்கி வைத்துத் தூக்கினோம். என் அருமைக் கருந்தாரின்மேல் நானே துளை போட்டேன். துருவும் சேறுமாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஒரு வாளி நிறைந்தது. இரண்டாவது வாளி வைத்தோம். புளித்த பழையசோறு வாடை. தண்ணீரோடு பதரும் வைக்கோல் துணுக்கும் வந்து ஓட்டையை அடைத்துக்கொண்டன. அப்புறம் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கை நுழைகிற அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்.

உள்ளே நெல் முளைத்திருந்தது.

ஒன்றிரண்டு இல்லை. பெட்டியின் அடியில் பாய் விரித்ததுபோல வேர் பின்னிக் கிடந்தது. அதன்மேல் விரல் நீளத்துக்கு முளைகள், வெளிச்சம் படாமல் பச்சை பிடிக்காத வெளுத்த முளைகள். எல்லாமே ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஏன் என்று அந்தத் திசையில் பார்த்தேன். மேல் மூலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு நூல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அந்த வண்டியில் நான் மூன்று வாரம் குனிந்தும் படுத்தும் தேடியிருக்கிறேன். அந்த ஓட்டை என் கண்ணில் படவே இல்லை. மழைத்தண்ணீர் இறங்கிய வழிகளில் அதுவும் ஒன்று. கண்ணில்லாத முளை இருட்டில் அதைக் கண்டுபிடித்து அதை நோக்கி வளர்ந்திருந்தது. நான் டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே மண்டிபோட்டு இருந்தேன். என் பயிற்சி, சான்றிதழ், கறுப்புப் பூச்சு எல்லாம் எவ்வளவு சின்னது என்று அப்போது தோன்றியது. பயமும் வியப்பும் கலந்து மயிர்க்கூச்செறிந்தது.

சாமிக்கண்ணு தலையை நுழைத்துப் பார்த்தார். “எல்லாம் உங்க மண்ணூர்காரங்க வேலதான். ரோட்டுல வைக்கோல போட்டுகினு, ஏத்துபா ஏத்துபான்னு கைய ஆட்டுவீங்களே” என்றார்.

அவர் சொன்னது உண்மை. அடித்த வைக்கோலில் ஒட்டியிருக்கும் மிச்ச நெல்லுக்காக அதைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போகிற வருகிற வண்டிச் சக்கரமெல்லாம் எங்களுக்குக் கூலி வாங்காத ஆள். சக்கரம் வாரியடிக்கிற பதரும் நெல்லும் வண்டியின் அடியில் எங்கே போகும் என்று ரோட்டில் போட்ட ஒருவரும் யோசித்ததில்லை. நானும்தான். அந்தச் சித்திரையில் என் வீட்டுக்காரியும் நானும் அதே ரோட்டில்தான் வைக்கோல் பரப்பினோம். பெட்டிக்குள் முளைத்தது என் நிலத்து நெல்லாகவே இருந்திருக்கலாம். கழுவுகிறேன் என்று தண்ணீர் விட்டவன் நான். அது வெளியேறுகிற வழியை அடைத்தவனும் நான்.

முதலாளி வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, திங்கட்கிழமையை நினைத்துப் பயந்தவர். “தண்ணிய வடிச்சுட்டு, வெட்டன எடத்துல தகடு வெச்சு, மேல கறுப்பு அடிச்சுடு. உள்ள யாரு எட்டிப் பாக்கப்போறாங்க?” என்றார். பொய் சொல்லப் போவதில்லை, தம்பிகளே. அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. சொன்ன நாளில் கொடுக்கலாம். பெயர் கெடாது. வண்டியும் பளபளவென்று இருக்கும்.

சிஸ்டர் ஒன்றுதான் கேட்டார். “ஸ்ட்ரெச்சர் இந்தப் பக்கம்தான் மாட்டுவோம் அண்ணே. இது எத்தினி நாள் தாங்கும்?”

பதில் சொல்லச் சின்னச் சுத்தியலை எடுத்து, பளபளக்கிற கறுப்பின்மேல் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். நாலு தட்டு நன்றாகக் கேட்டது. ஐந்தாவது தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. அந்த இடத்தில் இரும்பே இல்லை. பூச்சு மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

சிஸ்டர்தான் பேசினார், கோபமில்லாமல். “கட்டி வந்தா நாங்க கீறிவுட்டுத் தையல் போடமாட்டோம் அண்ணே. துணித்திரி வெச்சு வழி வுட்டு வெப்போம். மேல அழகா மூடிட்டா உள்ள சீழ் புடிச்சுக்கும். நீங்க மூடிட்டீங்க.”

இந்த வரியை எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் சொன்னதும் அந்தச் சுண்டுவிரல் ஓட்டைகளின் காரணம் எனக்கு விளங்கிவிட்டது. தண்ணீரை உள்ளே விடக்கூடாது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தே தீரும் என்று ஒப்புக்கொண்டு, அது வெளியே போக வழி வைத்தவன் அந்த வண்டியைச் செய்தவன்.

“எல்லாத்தையும் உரிக்கணும். அப்படின்னா திங்கக்கிழம மேல பெயிண்ட் இருக்காது” என்றேன். முதலாளி தலையில் கை வைத்தார். சாமிக்கண்ணு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுரண்டுகிற தகட்டைக் கையில் எடுத்தார். “வண்டிக்கு இன்னா கல்யாணமா நடக்கப்போவுது, பெயிண்ட் அடிக்க? கீழ்ப்பக்கத்தப் பாருங்க” என்றார்.

சுரண்டும்போது இன்னொரு அதிசயம் கிடைத்தது. வலது பக்கப் பெட்டியின் முன்பகுதியில் பல வருஷமாக என்ஜின் ஆயில் கசிந்து வழிந்திருந்தது; என் கருந்தார் அங்கே பிடிக்காமல் தோலாக உரிந்து வந்தது. அந்தக் கசிவுக்காகச் சாமிக்கண்ணு எல்லாரிடமும் திட்டு வாங்கியவர். பிசுக்கைத் துடைத்தால், அடியில் இரும்பு நீலம் பூத்து நின்றது. ஆலையிலிருந்து வந்த அன்று இருந்த அதே நீலம். முப்பது வருஷ மழை, சேறு, கலங்கல் ஒன்றும் அதைத் தொடவில்லை. இரண்டடி தள்ளி, நான் தடிமனாகப் பூசிய இடத்தில் இரும்பு அப்பளமாக நொறுங்கியது. மூன்று பேரும் அந்த நீலத்தை மாறி மாறித் தடவிப் பார்த்தோம்.

அதன் பிறகு பூச்சு தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிட்டது. செத்த இரும்பை வெட்டிப் புதுத்தகடு வைத்தோம். சுத்தமான இரும்பு தெரிந்த வெளிப்பக்கத்தில் எபாக்ஸி. மற்ற இடத்தில் மெல்லிசாக ரெட் ஆக்சைடு. சக்கரத்துக்கு மேலே கல் தெறிக்கிற இடத்தில் மட்டும் அந்தக் கருந்தார். பெட்டிக்குள் பெயிண்டே கிடையாது. மெழுகையும் எண்ணெயையும் உருக்கிக் கலந்து, அடுப்பிலிருந்து தள்ளி வந்து மண்ணெண்ணெய் விட்டு நீர்க்கப் பண்ணி, உள்ளே பீய்ச்சினோம். அது காயாது, பார்க்க அசிங்கமாக இருக்கும், கையில் ஒட்டும். அடி ஓட்டைகளை ஒன்றுவிடாமல் திறந்து, சிலவற்றைப் பெரிதாக்கினேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், கீழே பீய்ச்சிய எண்ணெய் இரண்டு தகடு சேருகிற மயிரிழைச் சந்துக்குள் தானாகவே ஏறி, மேல் ஓரத்தில் ஈரக்கோடாக எட்டிப் பார்த்தது. இந்தக் கோடு முந்தின நாள் கிடையாது. நம் கை போகாத இடத்துக்கு அது தானே நடந்து போயிருந்தது. உங்கள் தொட்டியைப் பார்த்து நான் பிற்காலத்தில் வாய் பிளந்து நின்றதற்கு இந்தக் கோடுதான் காரணம்.

திங்கட்கிழமை கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வண்டி திட்டுத் திட்டாகக் காவி நிறத்தில், சொறி பிடித்ததுபோல நின்றது. அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் என்னைப் பார்த்து, “இதுக்கா இத்தன நாள்?” என்றார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் தப்பை என் தப்பு என்றே சொன்னேன். சிஸ்டர் ஆஸ்பத்திரி டிரே ஒன்றை நீட்டினார். அதில் அந்த வேர்ப்பாயும் வெள்ளை முளைகளும் இருந்தன. “இது நம்ம வண்டிக்குள்ள இருந்துது ஐயா. இவரு மூடிட்டுக் குடுத்திருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றார். தலைவர் முளைகளை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஜாக்கியில் நின்ற வண்டிக்கு அடியில் அவரே குனிந்து, ஓட்டை ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார். “மழ முடியட்டும். பெயிண்ட அப்புறம் அடிச்சுக்கலாம்” என்றார்.

உங்கள் லைனிலும் உடம்பின் தாழ்ந்த இடத்தில் ஓட்டைகள் இருக்கும். கடைசியில் சிலவற்றுக்கு ரப்பர் மூடி போடுவோம், சிலவற்றை விட்டுவிடுவோம். எதை விட வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். படித்த பிறகும் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள், சூப்பர்வைசர் சிரித்தாலும் பரவாயில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் விடாமல் பெய்து, ஏழாவது நாள் காலையில் வெயில் அடித்தது. ரோடு காய ஆரம்பித்திருந்தது. நான் பட்டறை வாசலில் நின்றிருந்தேன். மண்ணூர் பக்கத்திலிருந்து அந்தக் காவித் திட்டு வேன் ஹாரனை அழுத்தியபடியே வந்தது. நிற்கவில்லை. ஜன்னலில் சிஸ்டரின் முதுகு தெரிந்தது, யார்மேலோ குனிந்திருந்தார். இரண்டு பக்கப் பெட்டிகளின் ஓட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டே போனது. வண்டி மறைந்த பிறகும் காய்ந்த தாரின்மேல் இரண்டு ஈரக்கோடுகள் வளைவுவரைக்கும் நேராகக் கிடந்தன. வெயில் அவற்றைக் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் திரும்புகிற வழியில் சாமிக்கண்ணு நிறுத்தினார்.

“கலங்கல்ல நடுவுல ஒரு மரம் அடிச்சுக்கினு வந்து வழிய மறிச்சிடுச்சு மேஸ்திரி. அத்த நகத்தற வரைக்கும் அரமணி நேரம் தண்ணிலயே நின்னுகினு இருந்தோம், வண்டிப் படி முழுகிடுச்சு. அந்தப் பொண்ணு ஸ்ட்ரெச்சர்ல கத்திகினு கெடக்குது. ஏறி வந்தமா, உள்ள பூந்த தண்ணி அத்தினியும் வெளிய போயிடுச்சு. கீழ்ப்பக்கம் கொஞ்சமும் அசங்கல.”

“அந்தப் பொண்ணு?”

“பொண்ணுக்குப் பொண்ணு பொறந்துகீது. ரெண்டும் சொகம். சிஸ்டர் சொல்லிட்டு வரச் சொன்னாங்க.”

சொல்லிவிட்டு அவர் பையிலிருந்து ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியை எடுத்தார். வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தார். பதர் கொஞ்சம் விழுந்தது. உள்ளங்கையில் ஏந்தி ஊதிவிட்டு, மிச்சம் நின்றதை என்னிடம் நீட்டினார்.

“உங்க ஊரு நெல்லு, புடிங்க” என்றார்.

நாலு நெல்மணிகள் இருந்தன. எதுவும் முளைத்திருக்கவில்லை.